ரெண்டு டியூபும், அதாவது கருக்குழாயும், அடைப்புனு ரிப்போர்ட் வந்தா, ஐவிஎஃப் ஒண்ணுதான் வழியா?

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. வயசு 29, கல்யாணம் ஆகி 4 வருஷம், பீரியட்ஸ் மாசா மாசம் ஒழுங்கா வருது, இப்ப கருக்குழாயைப் பாக்கற ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுத்ததுல "ரெண்டு பக்கமும் கார்னுவல் பிளாக்"னு ரிப்போர்ட். டாக்டர் பாத்துட்டு நேரா ஐவிஎஃப், அதான் டெஸ்ட் டியூப் பேபி முறைக்கு, போயிடுங்கன்னுட்டாங்க, வீட்டுல மாமியார் விளக்கெண்ணெயும் கஷாயமும் குடிச்சா அடைப்பு கரைஞ்சிடும்கறாங்க, நான் யார் பேச்சை கேக்கறது அக்கா, ராத்திரி தூக்கமே வரலனு எழுதியிருந்தாங்க. நான் 20 வருஷத்துக்கு மேல மகப்பேறு டாக்டரா இருக்கேன்மா. இதே ரிப்போர்ட்டை கையில சுருட்டி வச்சுகிட்டு கண்ணு கலங்கி உள்ள வர்ற பொண்ணுங்களை வாராவாரம் பாக்கறேன், அதனால நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. பிளாக்குங்கறது ஒரு வியாதியோட பேர் இல்ல. எந்த இடத்துல அடைப்பு, எதனால வந்துச்சு, குழாயோட உள்பக்கம் இன்னும் நல்லா இருக்கா, இந்த மூணும் தெரியாம அந்த ஒத்த வார்த்தையை மட்டும் வச்சு ஐவிஎஃப்னும் முடிவு பண்ணக்கூடாது, கஷாயம்னும் முடிவு பண்ணக்கூடாது. உங்க ரிப்போர்ட்ல முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கு, அதுவும் பாதி பதில்தான்.

கருக்குழாய்னா நம்ம வீட்டு பைப்பு மாதிரி வெறும் ஓட்டைனு நிறைய பேர் நினைக்கறாங்க, அந்த நினைப்புலதான் எல்லா குழப்பமும் ஆரம்பிக்குது. கர்ப்பப்பையோட ரெண்டு மேல் மூலையில இருந்தும் பக்கத்துக்கு ஒண்ணா கிளம்பற குழாய் அது, நீளம் ஏறக்குறைய 10ல இருந்து 12 சென்டிமீட்டர். கிளம்பற இடத்துல, அதாவது கர்ப்பப்பை சுவத்துக்குள்ள போற இடத்துல, உள் ஓட்டை 1 மில்லிமீட்டர் கூட இருக்காது, ஊசியில நூல் கோக்கற துளையை நினைச்சுக்கோங்க. அங்க இருந்து போகப் போக அகலமாகி, கடைசியில சினைப்பை பக்கத்துல புடவை முந்தானையில குஞ்சம் கட்டின மாதிரி விரிஞ்சு நிக்கும். முட்டை வெடிச்சு வெளிய வர்ற நாள்ல இந்த குஞ்சம்தான் சினைப்பை மேல தடவி முட்டையை உள்ள வாரிக்குது. உள்ள போனா சுவர் முழுக்க கண்ணுக்கு தெரியாத ரோமங்கள், காத்தடிக்கறப்ப நெல்லு வயல் ஒரே பக்கமா சாயும்ல, அந்த மாதிரி கர்ப்பப்பை பக்கமா அசைஞ்சு அசைஞ்சு முட்டையை நகர்த்தும். வெளிய வந்த முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான், விந்தணு 5 நாள் வரைக்கும் தாங்கும், ரெண்டும் சந்திக்கறது குழாயோட அகலமான பகுதியில. கரு அங்கயே உருவாகி, குழாய்க்குள்ளயே ஊட்டம் வாங்கி வளர்ந்து, 4 அல்லது 5 நாள் கழிச்சுதான் கர்ப்பப்பைக்குள்ள இறங்குது. அதாவது நாம எல்லாரும் முதல் சில நாள் இருந்த வீடு கர்ப்பப்பை இல்ல, இந்த குழாய்தான். அதனாலதான் சொல்றேன், ஓட்டை திறந்தா மட்டும் போதாது, அந்த ரோமமும் குஞ்சமும் உயிரோட இருக்கணும்.

இப்ப உங்க எக்ஸ்ரே கதைக்கு வருவோம். ஹெச்எஸ்ஜினா பீரியட்ஸ் நின்ன பிறகு, சாதாரணமா 6ல இருந்து 10ம் நாளுக்குள்ள, கர்ப்பப்பை வாய் வழியா சாயம் ஏத்தி எக்ஸ்ரே பாக்கறது. ஸ்கிரீன்ல முதல்ல ஒரு வெள்ளை முக்கோணம் தெரியும், அது கர்ப்பப்பை. அடுத்து ரெண்டு மூலையிலயும் மெல்லிசா கோடு ஓடி, முனையில புகை மாதிரி வயித்துக்குள்ள கலைஞ்சா குழாய் திறந்திருக்குனு அர்த்தம். உங்களுக்கு முக்கோணத்தோட நின்னு போச்சு, கோடே ஓடல, அதைத்தான் கார்னுவல் பிளாக்னு எழுதியிருக்காங்க. கார்னுனா மூலை, கொம்புனு வச்சுக்கலாம்.

ஆனா அந்த மூலை இருக்கே, அது தசைக்குள்ள புதைஞ்ச இடம். நீங்க பயந்து போய் அந்த மேஜையில படுத்திருக்கீங்க, ஜில்லுனு கருவி உள்ள போகுது, சாயம் வேகமா ஏத்தறாங்க, கர்ப்பப்பை சுருக்குனு இறுகுது, அந்த மில்லிமீட்டர் ஓட்டை மூடிக்குது. படத்துல பாத்தா அடைப்பு, நிஜத்துல இறுக்கம். சில சமயம் சளி மாதிரி ஒரு சின்ன கட்டியோ பழைய செல் துணுக்கோ அங்க உக்காந்திருக்கும், அதுவும் அடைப்பு மாதிரியே தெரியும். ரெண்டு பக்கமும் கார்னுவல் பிளாக்னு வந்த நிறைய பேருக்கு திரும்ப எடுத்தாலோ, வயித்துல சின்ன துளை போட்டு கேமராவுல பாக்கற லேப்ராஸ்கோப்பியில பாத்தாலோ ஒரு பக்கமாவது திறந்திருக்கு. நீங்க எழுதினதுல "சாயம் போடறப்ப பிரசவ வலி மாதிரி வலிச்சுது, கத்திட்டேன்"னு ஒரு வரி இருந்துச்சு, அதைப் படிச்ச உடனே எனக்கு இந்த சந்தேகம்தான் வந்துச்சு. உங்களுக்கு இது வெறும் இறுக்கம்னு நான் இங்க இருந்து சத்தியம் பண்ண முடியாது, ஆனா அந்த ஒத்த படத்தை வச்சு குழாய் போச்சுனு முடிவுகட்ட இன்னும் நேரம் வரல.

உங்க இடத்துல என் தங்கச்சி இருந்தா என்ன பண்ணச் சொல்வேன்னா, முதல்ல வீட்டுக்காரரோட விந்து பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்து வைங்க. நீங்க எழுதினதுல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அதுதான் எனக்கு மனசு வலிக்குது. 200, 300 ரூபாயில இருந்து 1000 ரூபாய்க்குள்ள முடியற டெஸ்ட், ஊசி இல்ல, வலி இல்ல, அதைப் பண்ணாம பொண்ணை மட்டும் எக்ஸ்ரே மேஜையில படுக்க வைக்கறது நம்ம ஊர்ல இன்னும் நடக்குது. அவருக்கு எண்ணிக்கை ரொம்ப குறைவா இருந்து எப்படியும் ஐவிஎஃப்லயே ஒரு வகை, ஒத்த விந்தணுவை நேரா முட்டைக்குள்ள செலுத்தற இக்ஸிதான் வேணும்னு ஆச்சுன்னா, குழாயை திறக்கறதுக்காக உங்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாம போகலாம். கூடவே உங்க ஏஎம்ஹெச் அளவும், அதாவது முட்டை இருப்பைக் காட்டற ரத்த டெஸ்ட்டும், பாத்துடுங்க, கையில எவ்வளவு காலம் இருக்குனு ஓரளவு அது சொல்லும்.

விந்து ரிப்போர்ட் நல்லா இருந்தா அடுத்து லேப்ராஸ்கோப்பியும், கர்ப்பப்பை வாய் வழியா கேமரா விட்டுப் பாக்கற ஹிஸ்டெராஸ்கோப்பியும் சேர்த்து ஒரே மயக்கத்துல பண்றது. தொப்புள்கிட்ட ஒரு சின்ன துளை, கேமரா உள்ள போகும், கீழ இருந்து நீல சாயம் ஏத்துவாங்க. குழாய் திறந்திருந்தா கொஞ்ச நேரத்துல அந்த குஞ்சத்து வழியா நீலமா சொட்டு சொட்டா வழியும். எத்தனையோ வருஷமா பாத்தாலும் ஸ்கிரீன்ல அந்த முதல் நீலச் சொட்டு விழறப்ப தியேட்டர்ல இருக்கற எல்லாரும் ஒரு மூச்சு விடுவோம், சிஸ்டர் வரைக்கும். வராட்டி, கர்ப்பப்பைக்குள்ள இருந்து கேமராவுல அந்த மூலைத் துளையைப் பாத்து முடி மாதிரி மெல்லிசான கம்பியை விட்டு திறந்து பாக்கலாம், கானுலேஷன்னு சொல்வாங்க. சளி, துணுக்குனா பெரும்பாலும் திறந்துக்கும். கம்பி போகாம முட்டி நின்னா அது நிஜமான தழும்பு, அப்ப ஐவிஎஃப் பேச்சு நியாயமான பேச்சு. எல்லா ஊர்லயும் கானுலேஷன் பண்ண ஆள் இருக்காது, அதனால லேப்ராஸ்கோப்பிக்கு தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே "மூலையில அடைப்புனா அப்பவே திறந்து பாப்பீங்களா"னு கேட்டுடுங்க, இல்லாட்டி ரெண்டு தடவை மயக்கம் வாங்க வேண்டி வரும்.

சாயம் ஏத்தினாலே கர்ப்பம் தங்கிடும்னு உங்க தோழி சொன்னதா எழுதியிருந்தீங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. நெதர்லாந்துல 27 ஆஸ்பத்திரியில 1119 பெண்களை வச்சு பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு, எண்ணெய் சாயம் ஏத்தினவங்கள்ல 39.7 சதவீதம் பேருக்கும் தண்ணி சாயம் ஏத்தினவங்கள்ல 29.1 சதவீதம் பேருக்கும் 6 மாசத்துக்குள்ள கர்ப்பம் தங்குச்சு. ஆனா அவங்க எல்லாம் குழாய்ல பிரச்சனை இருக்க வாய்ப்பு கம்மினு தேர்ந்தெடுத்தவங்க. தழும்பு விழுந்த குழாயை எந்த சாயமும் கழுவித் திறக்காது.

சரி, நிஜமாவே அடைப்புனா எதனால வருது? இதைப் பேச எல்லாரும் கூச்சப்படறாங்க, பேசியே ஆகணும். அடிவயித்துல வர்ற கிருமித்தொற்றுதான் பெரிய காரணம். கிளமிடியானு ஒரு கிருமி, பெரும்பாலான பொண்ணுங்களுக்கு அறிகுறியே காட்டாம உள்ள போய் அந்த ரோமங்களை அழிச்சிடலாம். ஸ்வீடன்ல லுண்ட் ஊர்ல வெஸ்ட்ரோம்னு ஒரு டாக்டர் பல வருஷம் பெண்களைத் தொடர்ந்து பாத்து 1992ல எழுதினார், ஒரு தடவை அடிவயித்துத் தொற்று வந்தவங்கள்ல 8 சதவீதம், 2 தடவை வந்தவங்கள்ல 19.5, 3 தடவையோ மேலயோ வந்தவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு குழாய் அடைச்சு குழந்தை தள்ளிப்போச்சு. அதனால அடிவயித்து வலி, நாத்தத்தோட வெள்ளைப்படுதல், காய்ச்சல்னா வெக்கப்படாம உடனே வாங்க, புருஷனையும் சேர்த்து மருந்து சாப்பிட வைங்க, ஒருத்தர் மட்டும் சாப்பிட்டா மறுபடி ஒட்டிக்கும். இதை எழுதறப்பவே எனக்குத் தெரியும், வீட்டுல இதைப் படிச்சுட்டு "அப்ப நீ எங்க வாங்கிட்டு வந்த"னு கேக்க ஒரு ஆள் இருப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன்கிட்ட இருந்தே வரலாம், சுத்தமில்லாத கருக்கலைப்புல வரலாம், சின்ன வயசுல குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் ஆனதுல ஒட்டிக்கிட்டு வரலாம், கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு வெளிய வளர்ற எண்டோமெட்ரியோசிஸ்ல வரலாம். குழாய் அடைப்பு யாரோட ஒழுக்கத்துக்கும் சர்டிபிகேட் இல்ல.

நம்ம நாட்டுல இன்னொரு காரணம் டிபி. டிபினா இருமல்னு மட்டும் நினைக்கறோம், அந்தக் கிருமி நுரையீரல்ல இருந்து ரத்தம் வழியா கருக்குழாய்க்கு போய் வருஷக்கணக்கா சத்தமில்லாம உக்காந்துக்கும். பெண் உறுப்புகள்ல டிபி வந்தா பத்துல ஒன்பது பேருக்கு மேல குழாயைத்தான் பிடிக்குது. பெரும்பாலும் இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, குழந்தை இல்லனு வந்து பாக்கறப்பதான் படத்துல மணி கோத்த மாதிரி குழாய் தெரியும். சின்ன வயசுல உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ டிபி மருந்து சாப்பிட்ட கதை இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, நாங்க கேக்காட்டியும் சொல்லுங்க. மருந்து 6 மாசம், அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஆனா பிசிஆர்னு ஒரு டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததை மட்டும் வச்சு மருந்து ஆரம்பிக்கச் சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க, அந்த டெஸ்ட் சில சமயம் இல்லாததையும் இருக்குனு காட்டிடும். இன்னொண்ணு, மருந்து கிருமியைக் கொல்லும், ஏற்கனவே விழுந்த தழும்பை அழிக்காது. ரொம்ப பாதிச்ச குழாய் திரும்ப வேலை செய்யாது, கர்ப்பப்பை உள்சுவர் நல்லா இருந்தா ஐவிஎஃப் பண்ணலாம்.

இதே காரணத்துக்காகத்தான் கஷாயத்துக்கும் விளக்கெண்ணெய்க்கும் என்னால தலையாட்ட முடியல. உங்க மாமியார் உங்க மேல உள்ள அக்கறையிலதான் சொல்றாங்க, அவங்களை எதிர்த்துப் பேச வேண்டாம். ஆனா குடிச்ச எண்ணெய் குடலுக்குத்தான் போகும், வயித்து மேல தடவினது தோலோட நிக்கும், செத்துப்போன ரோமத்தை முளைக்க வைக்கற மருந்து அலோபதியிலயும் இல்ல, நாட்டு வைத்தியத்துலயும் இல்ல. கஷாயம் குடிச்சு கர்ப்பமானேன்னு சொல்றவங்க பொய் சொல்லல, அவங்கள்ல பலருக்கு நான் மேல சொன்ன இறுக்கம்தான் இருந்திருக்கும், குழாய் எப்பவும் திறந்தேதான் இருந்திருக்கும். எனக்கு பயம் கஷாயம் மேல இல்ல, 29ல ஆரம்பிச்சு 35 வரைக்கும் அதையே குடிச்சுகிட்டு உக்காந்திருக்கறது மேலதான். குழாயை நாளைக்கும் பாத்துக்கலாம், முட்டைக்கு வயசு ஏறினா இறக்க முடியாது.

அடைப்பு அந்தக் கோடியில, குஞ்சத்துகிட்ட இருக்கறவங்களுக்கு கதையே வேற. குஞ்சம் ஒட்டி மூடிகிட்டு உள்ள தண்ணி கோத்து குழாய் சாசேஜ் மாதிரி வீங்கிடும், ஹைட்ரோசால்பின்க்ஸ்னு ரிப்போர்ட்ல வரும். லேசா இருந்து வயசும் கம்மினா திறந்து விடலாம், ஆனா திரும்ப மூடிக்கறதும் உண்டு. நல்லா வீங்கியிருந்தா அந்தக் கெட்ட தண்ணி கர்ப்பப்பைக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும், ஐவிஎஃப்ல வைக்கற கருவையும் ஒட்ட விடாது, வெற்றி ஏறக்குறைய பாதியா குறைஞ்சிடும். அதனாலதான் முதல்ல அந்தக் குழாயை எடுத்துட்டு, இல்ல கர்ப்பப்பை பக்கம் கிளிப் போட்டு மூடிட்டு அப்புறம் ஐவிஎஃப் பண்ணச் சொல்றோம். குழந்தை வேணும்னு வந்தா குழாயை அறுக்கறீங்களேனு கோவப்பட்டு எழுந்து போனவங்க இருக்காங்க. அவங்க கோவத்துல எனக்கு வருத்தம் இல்ல, கேக்க கொடூரமாத்தான் இருக்கு. குழாயை எடுத்தா பீரியட்ஸ் நிக்காது, சினைப்பை அங்கயேதான் இருக்கும், ஹார்மோன் எங்கயும் போகாது.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இன்னொரு பக்கம் நல்லா இருக்குனா அவ்வளவு கலங்க வேண்டாம். வலது பக்கத்து முட்டையை இடது குழாய் வாரிக்கறது கூட நடக்கும்.

ஐவிஎஃப்னாலே ஏதோ கடைசி கட்டம், தோத்துப்போன மாதிரினு எழுதியிருந்தீங்க. அதே ஐவிஎஃப் பிறந்ததே உங்களை மாதிரி ஒரு பொண்ணுக்காகத்தான் தெரியுமா? இங்கிலாந்துல லெஸ்லி பிரவுன்னு ஒருத்தர், ரெண்டு குழாயும் அடைப்பு, 9 வருஷம் முயற்சி பண்ணியும் குழந்தை இல்ல. டாக்டர் ஸ்டெப்டோ, விஞ்ஞானி எட்வர்ட்ஸ், நர்ஸ் ஜீன் பர்டி மூணு பேரும் சேர்ந்து அவங்க முட்டையை வெளிய எடுத்து கருவாக்கி உள்ள வச்சாங்க, 1978 ஜூலை 25 ஓல்டாம் ஆஸ்பத்திரியில உலகத்தோட முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிறந்தா. அதே வருஷம் அக்டோபர் 3ம் தேதி கொல்கத்தாவுல டாக்டர் சுபாஷ் முகர்ஜியோட ஐவிஎஃப் முயற்சியில துர்காங்கற குழந்தை பிறந்தா, அந்தம்மாவுக்கும் குழாய்ல கோளாறுதான். அந்த மனுஷனை இங்க யாரும் நம்பல, விசாரணை கமிட்டி போட்டு அவமானப்படுத்தினாங்க, 1981ல தன் உயிரை தானே மாய்ச்சுகிட்டார். இதை எப்ப நினைச்சாலும் எனக்கு தொண்டை அடைக்கும். குழாய் பண்ற வேலையை வெளிய பண்ணிக் கொடுக்கறதுதான் ஐவிஎஃப், அதுல தோல்வினு ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவைக்கு ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம்னு ஆகுது, 35 வயசுக்குள்ள இருந்தாலும் முதல் தடவையே கரு தங்கும்னு யாராலயும் உறுதி கொடுக்க முடியாது, அப்படி உறுதி கொடுத்து பணம் கட்டச் சொல்ற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணவங்களும் இதைப் படிப்பீங்கங்கறதால ஒரு வார்த்தை. அது வேணும்னே போட்ட அடைப்பு, மத்த பகுதி ஆரோக்கியமா இருக்கும், அதனால திரும்ப இணைச்சா நல்ல பலன் கிடைக்கறது உண்டு. மிச்சம் எவ்வளவு நீளம் இருக்கு, இப்ப என்ன வயசு, இந்த ரெண்டும்தான் முக்கியம். 2004 சுனாமியில பிள்ளைங்களைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் பக்கத்து அம்மாக்களுக்கு நம்ம அரசாங்கமே இலவசமா இந்த ஆபரேஷனை பண்ணிக் கொடுத்துச்சு, மடியில மறுபடி குழந்தையைப் பாத்தவங்க இருக்காங்க.

கடைசியா, தங்கச்சி, இதை மட்டும் ஃபோன்ல குறிச்சு வைங்க. குழாய் திறந்து, கானுலேஷன் பண்ணி, இல்ல தானாவே, எப்படி நாள் தள்ளிப்போனாலும், வீட்டுல கார்டுல ரெண்டு கோடு வந்ததும் ஸ்வீட் வாங்கறதோட நிக்காம, கடைசி பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து எண்ணி 6 வாரம் வாக்குல ஸ்கேன் பாத்து கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கானு தெரிஞ்சுக்கணும். அடிபட்ட குழாய்ல கரு பாதி வழியில நின்னு அங்கயே வளர ஆரம்பிக்கலாம், சீக்கிரம் தெரிஞ்சா ஊசி மருந்துலயே சரி பண்ணிடலாம், விட்டா குழாய் வெடிச்சு உயிருக்கே ஆபத்து. ஒரு பக்க அடிவயித்துல சுருக்குனு வலி, லேசா ரத்தம் படறது, தலை சுத்தல், காரணமே இல்லாம தோள்பட்டை முனையில வலி, இதுல எது வந்தாலும் ராத்திரி 2 மணியா இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம 108க்கு அடிங்க. போனதும் முதல் வார்த்தையா "எனக்கு டியூப்ல பிரச்சனை இருந்துச்சு, நாள் தள்ளிப்போயிருக்கு"னு டூட்டி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.